டேப்லெட், லேப்டாப், இ-ரீடர்: மெத்தை வைத்த துணி உறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

உறை தைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எவ்வளவு தடிமனான ஃபோம் வைக்கலாம்?" என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உள்ளே போகிற சாதனம் எவ்வளவு எடை, அது எதனால் உடையும், எதற்குள் வைத்துத் தூக்கிப் போகப் போகிறோம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் தடிமன் தானாக முடிவாகிவிடும். இது தெரியாமல் கையில் கிடைத்த தடிமனான பஞ்சை வைத்துத் தைத்தால், உறை பார்க்கப் புஷ்டியாக இருக்கும். லேப்டாப் மூலையில் விழுகிற அன்று அந்தப் புஷ்டி உதவாது.

கடையில் ஆயிரம் உறை கிடைக்கும்போது எதற்குத் தைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வழக்கமான அளவுள்ள லேப்டாப், பின்கவர் எதுவும் போடாதது என்றால் வாங்குவதே சுலபம். பின்கவர் போட்ட டேப்லெட், விசைப்பலகையோடு சேர்ந்து மூடும் டேப்லெட், வரைவதற்கான பலகை, பழைய மாடல் இ-ரீடர் என்று வரும்போதுதான் தையல் மிஷின் ஜெயிக்கிறது. தளர்வாக இருக்கும் உறை பாதிக் காவல்தான். உள்ளே சாதனம் ஆடிக்கொண்டே இருந்தால், உறை தரையில் பட்ட பிறகு சாதனம் தன் பங்குக்கு உறையின் சுவரில் போய் இன்னொரு முறை மோதும்.

எதிலிருந்து காப்பாற்றப் போகிறோம்?

ஆபத்து மூன்று வகை: கீறல், அழுத்தம், விழுதல். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கீறலுக்குச் சாவியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் சாவி அவ்வளவு குற்றவாளி இல்லை. மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் எண் கூடினால் கடினம் கூடும்; அதில் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. திரைக் கண்ணாடி ஏறக்குறைய 6. பித்தளைச் சாவி இரண்டுக்கும் வெகு கீழே, 3, 4 அளவில் நிற்கிறது. ஆக, கண்ணாடியைக் கீறுவது பையின் அடியில் தங்கிவிடும் மணல்துகள். ஆனால் அலுமினிய உடலையும் பிளாஸ்டிக் மூடியையும் சாவி, ஜிப் பல், உலோகப் பட்டன் எல்லாமே கீறும். கீறலைத் தடுக்க மெத்தையே தேவையில்லை. சுத்தமான, மென்மையான ஒற்றைத் துணி போதும்.

அழுத்தம் என்பது பை நிறையச் சாமான் அடைக்கும்போது வருவது. சார்ஜரின் முனை ஒன்று திரையின் நடுவில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே பஞ்சு அதிகம் உதவாது, ஏனென்றால் தொடர்ந்து அழுத்தினால் பஞ்சு நசுங்கி, அழுத்தத்தை அப்படியே உள்ளே அனுப்பிவிடும். இ-ரீடர்கள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. பலவற்றின் திரைக்குள் மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. மேலே ஒரு விரிசலும் தெரியாது, ஆனால் திறந்தால் பாதித் திரையில் பழைய பக்கம் உறைந்து நிற்கும், மீதியில் கோடு கோடாக ஓடும். இதற்கு மருந்து விறைப்பான அட்டை. அது முனையின் அழுத்தத்தைப் பரப்பிவிடும்.

விழுதலில்தான் மெத்தைக்கு வேலை. ஒன்றரைக் கிலோ லேப்டாப் 75 செ.மீ. உயர மேசையிலிருந்து விழுந்தால் தரையில் படும்போது சுமார் 11 ஜூல் ஆற்றலோடு வருகிறது. 200 கிராம் இ-ரீடர் அதே உயரத்திலிருந்து வந்தால் 1.5 ஜூல்தான். ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே பஞ்சை வைத்தால் ஒன்றுக்கு அது போதாது, இல்லையென்றால் இன்னொன்றுக்கு வீண்.

மெத்தை: இங்கேதான் நிதானம் வேண்டும்

மெத்தையின் வேலை, நிற்கும் தூரத்தை நீட்டுவது. சாதனம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் சட்டென்று நிற்பதற்குப் பதிலாக, சில மில்லிமீட்டர் அமுங்கியபடி நிற்க வேண்டும். மெத்தை மிக மென்மையாக இருந்தால், பாதி வழியிலேயே முழுவதும் நசுங்கி, சாதனம் தரையைத் தொட்டுவிடும். மிகக் கடினமாக இருந்தால் அமுங்கவே அமுங்காது, மரப்பலகையில் விழுந்த மாதிரிதான். அதனால் கனமான சாதனத்துக்குக் கெட்டியான மெத்தை, இலேசான சாதனத்துக்கு மிருதுவான மெத்தை.

இதைப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. மெத்தைத் துண்டை மேசைமேல் வையுங்கள். உள்ளே வைக்கப்போகும் சாதனத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமமான கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு மூலையை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, கையைத் தளர்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகம் தன் எடையிலேயே மெத்தையைத் துளைத்து மேசையைத் தொட்டுவிட்டால், விழும்போது அந்த மெத்தை இருந்தும் இல்லாததுதான். கொஞ்சம் அமுங்கி நின்று, மேலே கையால் அழுத்தினால் இன்னும் கொஞ்சம் இறங்கினால் அது சரியான கெட்டி.

இனி கிடைக்கிற பொருள்களைப் பார்ப்போம்.

பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பு, அதாவது ரஜாய்க்குள் வரும் வெள்ளைப் பஞ்சுத் தாள், எல்லா இடத்திலும் கிடைக்கிறது, மிஷினுக்கும் கஷ்டம் இல்லை, துவைத்தால் சீக்கிரம் காயும். ஆனால் அதன் தடிமனை நம்பாதீர்கள். விரல் வைத்தாலே ஒன்றரை செ.மீ. இரண்டு மி.மீ. ஆகிவிடும். இ-ரீடருக்கும், வீட்டுக்குள்ளேயே புழங்கும் டேப்லெட்டுக்கும் சரி. லேப்டாப்புக்கு இதை மட்டும் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. மூன்று நான்கு செ.மீ. இடைவெளியில் குறுக்குத் தையல் போட்டால்தான் இது ஓரிடத்தில் நிற்கும், இல்லாவிட்டால் நாளடைவில் அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும்.

பருத்திப் பஞ்சு விரிப்பு மெல்லியது, ஆனால் அடர்த்தியானது. துணியோடு ஒட்டி நிற்கும், நழுவாது, இஸ்திரிப் பெட்டிக்கும் பயப்பட வேண்டியதில்லை. முதல் துவையலில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைப்பது நல்லது. இரண்டு அடுக்கு வைத்தால் டேப்லெட்டுக்கு அருமையான மெத்தை.

பழைய குளியல் டவலை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். சுருள் சுருளான அந்த நூல் அமைப்பு சீக்கிரம் தட்டையாகாது. நிறையத் துவைத்ததால் சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். குறை என்னவென்றால் எடை, பிறகு ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும் குணம். முதன்முதலாகத் தைத்துப் பழகுபவருக்கு நான் டவலைத்தான் சொல்வேன். தப்பாக வெட்டினாலும் மனசு வலிக்காது.

ஸ்பாஞ்ச் என்று கேட்டால் கிடைக்கும் பாலியூரித்தேன் ஃபோம் பார்க்க நன்றாக இருக்கும். 5, 6 மி.மீ. தாளாக வரும். ஆனால் அதில் எனக்கு இரண்டு புகார்கள். ஒன்று, தைக்கும்போது மிஷின் காலின் அடியில் ஒட்டிக்கொண்டு நகராது. மேலும் கீழும் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு தாளைக் கிழித்து எடுக்க வேண்டும். இன்னொன்று, ஆயுள். காற்றின் ஈரமும் வெளிச்சமும் பட்டு, சில வருடங்களில் மஞ்சளாகி, உதிர ஆரம்பிக்கும். பழைய ஹெட்ஃபோன் பெட்டியைத் திறந்தால் கையில் பிசுபிசுப்பாக ஒட்டும் அந்தத் தூள் இதே பொருள்தான். அது சார்ஜ் துளைக்குள் போனால் சுத்தம் செய்வது பெரும்பாடு. ஸ்பாஞ்சுதான் வேண்டும் என்றால், இருபுறமும் மெல்லிய துணி ஒட்டியே வரும் பை தைக்கும் ஃபோமாகப் பாருங்கள். காலில் ஒட்டாது, உதிர்ந்தாலும் வெளியே வராது, பைக்கு நல்ல வடிவமும் கொடுக்கும்.

ஈ.வி.ஏ. என்ற ஃபோம் ஷீட் கைவேலைக் கடைகளில் வண்ண வண்ணமாகக் கிடைப்பது. உள்ளே மூடிய காற்றறைகள் இருப்பதால் தண்ணீரை உறிஞ்சாது, கெட்டியாகவும் இருக்கும். 2, 3 மி.மீ. தாளைச் சாதாரண மிஷினே தைத்துவிடும். 5 மி.மீ.க்கு மேல் போனால் தைக்க முயலாமல், துணிக்குள் பாக்கெட் மாதிரி விட்டுச் செருகிவிடுங்கள். இஸ்திரியை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், சுருண்டுவிடும். பழைய யோகா பாயும் கிட்டத்தட்ட இந்த வேலையைச் செய்யும்.

நியோப்ரீன் என்பது கடலில் முக்குளிப்பவர்களின் உடைக்குப் பயன்படும் ரப்பர் ஃபோம். இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் பிரியாது, லைனிங் தேவையில்லை. சாதனத்தைக் கச்சிதமாகப் பிடிப்பதில் இதற்கு ஈடு இல்லை. மற்ற துணிக்கெல்லாம் அளவைக் கூட்டி வெட்ட வேண்டும், இதற்கு மட்டும் சற்றே குறைத்து வெட்ட வேண்டும். வீட்டில் பழைய துண்டு இருந்தால் விடாதீர்கள். தேடிப்போய் வாங்கித் தைப்பதற்கு, நியோப்ரீன் உறையையே வாங்கிவிடலாம்.

கம்பளி ஃபெல்ட் சோம்பேறிகளின் சொர்க்கம். 3 முதல் 5 மி.மீ. தடிமனில் வரும், மடித்து இரண்டு பக்கம் கையால் தைத்தால் உறை தயார். லைனிங்கும் வேண்டாம், ஓரம் மடிக்கவும் வேண்டாம். ஆனால் வெந்நீரில் போட்டால் சுருங்கி, லேப்டாப் உறை டேப்லெட் உறையாகிவிடும். மலிவான அக்ரிலிக் ஃபெல்ட் சில மாதத்தில் உருண்டை உருண்டையாகத் திரளும்.

குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளை உள்ளே வைப்பவர்களும் உண்டு. வேண்டாம். ஊசி பட்ட இடமெல்லாம் காற்று போய்விடும்.

என் தேர்வு ஒற்றைப் பொருள் அல்ல, இரண்டு அடுக்கு: வெளிப்பக்கம் 3 மி.மீ. ஈ.வி.ஏ., உள்பக்கம் பருத்திப் பஞ்சு. வெளி அடுக்கு முனை குத்துவதைப் பரப்புகிறது, உள் அடுக்கு சாதனத்தை மெதுவாக நிறுத்துகிறது. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு செ.மீ.க்கு உள்ளேதான் வரும். தடிமனான வெறும் பஞ்சை விட இதுவே மேல்.

மூலையும் ஓரமும்

சாதனங்கள் முகம் குப்புற விழுவதை விட மூலையில் விழுவதுதான் அதிகம். ஆனால் தையல் குறிப்புகளில் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: "தையல் ஓரத்தில் தடிமன் சேராமல் இருக்க, பஞ்சை ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. வெட்டி எடுத்துவிடவும்." மேசை விரிப்புக்கு அது நல்ல யோசனை. லேப்டாப் உறைக்கு அது தலைகீழ். எங்கே அடி படுமோ சரியாக அங்கேயே மெத்தை இல்லாமல் செய்துவிடுகிறோம். முகப்பில் ஒன்றரை செ.மீ. பஞ்சு, மூலையில் இரண்டு துணி மடிப்பு.

இதைத் தவிர்க்க மூன்று வழி. முதலாவது, அடிப்பக்கத்தில் தையலே போடாமல், ஒரே நீளத் துணியை மடித்துத் தைப்பது. மடிப்பில் மெத்தை முழுதாகச் சுற்றி வரும். இதற்குக் கூடுதல் வேலை எதுவும் இல்லை, அதனால் எந்த உறைக்கும் இதையே செய்யலாம். இரண்டாவது, பக்கத் தையலில் பஞ்சையும் சேர்த்தே தைத்து, அந்தத் தடித்த ஓரத்தை உள்ளே விட்டுவிடுவது. மிஷின் திணறினால் ஈ.வி.ஏ.வை மட்டும் ஓரத்தில் குறைத்துக்கொண்டு, பஞ்சைத் தையலுக்குள் விடுங்கள். மூன்றாவது, லேப்டாப்புக்கு மட்டும்: அடி மூலைகள் இரண்டிலும் ஐந்து செ.மீ. சதுர ஈ.வி.ஏ. துண்டை மடித்து, லைனிங்குக்கும் வெளித்துணிக்கும் நடுவே வைத்து இரண்டு மூன்று கைத்தையல் போட்டுவிடுவது. வெளியே தெரியாது.

அடியில் மெத்தையை ஒன்றரை செ.மீ. உருளையாகச் சுருட்டி வைத்து, அதற்கு மேலே ஒரு கோடு தைத்துவிட்டால் இன்னும் நல்லது. பையைத் தரையில் தொப்பென்று வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நிச்சயம் செய்ய வேண்டும். முதுகுப்பைக்குள் லேப்டாப் படும் பெரும்பாலான அடி, அப்படி வைக்கும்போதுதான்.

மூடி: ஜிப்பா, வெல்க்ரோவா, பட்டனா?

அழகாகத் தெரிவது ஜிப். தைக்கக் கஷ்டமும் அதுதான். மூன்று பக்கம் சுற்றி வரும் ஜிப்பில் ஒரு மறைமுகச் சிக்கல் உண்டு: ஓரம் முழுக்க மெத்தைக்குப் பதில் ஜிப் பல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேல் வாய்க்கு மட்டும் ஜிப் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. உலோகப் பல் வேண்டாம், நைலான் சுருள் ஜிப் எடுங்கள். 5ஆம் நம்பர் உறைக்குப் போதும். தேவையானதை விடச் சில செ.மீ. நீளமாக வாங்கித் தைத்துவிட்டு, முனையில் கைத்தையலால் நிறுத்தம் போட்டு மீதியை வெட்டிவிடலாம். ஜிப்பைத் திறந்து மூடும் ரன்னரின் பின்பக்கம் சாதனத்தில் உரசும், அதனால் ஜிப்புக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்தில் ஒரு துணிப் பட்டை உள்ளே தொங்கும்படி தைத்துவிடுங்கள். இந்தப் பட்டை இல்லாத ஜிப் உறையை அலுமினிய லேப்டாப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெல்க்ரோவை ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் உருவாக்கினார். நாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்த முள்காயைப் பார்த்து வந்த யோசனை அது, காப்புரிமை கிடைத்தது 1955இல். அந்த முள்ளின் குணம் இன்னும் போகவில்லை. கொக்கிப் பக்கம் கிடைத்த நூலையெல்லாம் பிடித்துக்கொள்ளும், கம்பளிச் சட்டையைக் கிழிக்கும், அமைதியான வகுப்பறையில் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் தைப்பது மிகச் சுலபம், அளவு முன்பின் இருந்தாலும் மூடிக்கொள்ளும். ஒரு விஷயம் மட்டும் கவனம்: சாதனத்தை எடுக்கும்போது அது மேல்மூடியின் உட்பக்கத்தை உரசிக்கொண்டுதான் வெளியே வரும். எனவே மூடியில் மெத்தென்ற பக்கத்தையும், உறையின் முகப்பில் கொக்கிப் பக்கத்தையும் வையுங்கள். மாற்றி வைத்த உறைகளைக் கடையிலேயே பார்க்கலாம்.

காந்தப் பட்டன் திறக்கவும் மூடவும் இனிமையானது. ஆனால் டேப்லெட்டுகளிலும் பல இ-ரீடர்களிலும் மூடி மூடியதை அறியக் காந்த உணரி இருக்கிறது. 2011இல் ஐபேட் 2 தன் காந்த மூடியோடு வந்ததிலிருந்து இது பரவலாகிவிட்டது. உறையின் காந்தம் அந்த இடத்துக்கு நேராக வந்தால், உள்ளே திரை எரிந்து எரிந்து அணையும். காலையில் முழுதாக சார்ஜ் செய்தது மாலையில் காலியாக இருக்கும். காந்தம்தான் வேண்டும் என்றால், சாதனத்தின் விளிம்புக்கு மேலே, வெற்றிடமாக நிற்கும் மூடிப் பகுதியில் வையுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவரின் சட்டைப்பைக்குப் போகும் உறை என்றால் காந்தம் கூடவே கூடாது.

எலாஸ்டிக் வளையமும் பிளாஸ்டிக் அல்லது மரப் பட்டனும் பழைய வழி, பழுதாகாத வழி. எலாஸ்டிக் தளர்ந்தால் பிரித்து மாற்றிவிடலாம். சுருக்குக் கயிறு வைத்த வாய் சார்ஜர், ஹெட்ஃபோன், வெளிவட்டு (எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்) போன்றவற்றுக்குச் சரி. தட்டையான சாதனத்துக்கு வாய் முழுதாக மூடாது.

மூடியே இல்லாத உறையும் உண்டு. தலையணை உறையில் வருவது போல, பின்பக்கத் துணியை ஏழெட்டு செ.மீ. நீட்டி உள்பக்கமாக மடித்துவிட்டால், அந்த மடிப்புக்குள் சாதனத்தின் மேல் விளிம்பு போய் அமர்ந்துகொள்ளும். ஜிப் கிடையாது, பட்டன் கிடையாது, கீற ஒன்றுமே கிடையாது. இன்னொரு பைக்குள் போகும் டேப்லெட் உறைக்கு எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இதை யாரும் அதிகம் தைப்பதில்லை என்பது ஆச்சரியம்.

உள்துணி, வெளித்துணி

உள்ளே ஃபிளீஸ் வைப்பது பலருக்கும் தோன்றும் முதல் யோசனை. தொட்டால் சுகம், ஆனால் அதன் இழைகள் உதிர்ந்து சார்ஜ் துளைக்குள் போய் அடைந்துகொள்ளும். யு.எஸ்.பி.-சி துளையின் நடுவில் ஒரு நாக்கு இருப்பதால் அந்தப் பஞ்சை எடுப்பது எளிதல்ல. ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அது இன்னும் உள்ளே போய் இறுகும். ஃபிளானல் பரவாயில்லை, இரண்டு மூன்று முறை துவைத்துவிட்டுத் தைத்தால். நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தித்துணியே போதும் என்பது என் கருத்து. சாட்டின் வழுக்கும், உறையைத் தலைகீழாகப் பிடித்தால் சாதனம் கையை விட்டுப் போய்விடும். மைக்ரோஃபைபர் நேர்மாறு: அடியில் ரப்பர் கால்கள் உள்ள லேப்டாப் உள்ளே போகவே மறுக்கும்.

எதுவானாலும் வெளிர் நிறத்தில் எடுங்கள். உள்ளே மணல் இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வெளித்துணியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பழைய ஜீன்ஸ் எல்லாவற்றையும் தாங்கும், காலின் நேர்ப்பகுதியே டேப்லெட் அளவுக்குப் போதும். கேன்வாஸ் விறைப்பாக நிற்கும். சாதாரணப் பருத்தி அழகாக இருக்கும், ஓரம் சீக்கிரம் தேயும். ரெக்சினில் ஊசி குத்திய துளை மறையாது, பிரித்துத் தைக்க முடியாது. புதிதாகப் பழகுபவர்கள் தள்ளி வையுங்கள்.

மழைக்கு? தையல் போட்ட எந்தத் துணி உறையும் தண்ணீரை முழுதாகத் தடுக்காது, ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு வாசல். இருந்தாலும் கம்பி உடைந்த குடையின் துணியை வெளித்துணிக்கும் மெத்தைக்கும் நடுவே ஓர் அடுக்காக விட்டால், தூறலில் ஓடி வருவதற்குள் உள்ளே நனையாது.

அளவும் தையலும்

விளம்பரத்தில் வரும் அங்குலம் திரையின் மூலைவிட்டம். அதை வைத்து வெட்டாதீர்கள்; பின்கவரோடு சேர்த்து ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். கணக்கு இப்படி: அகலம், அதோடு சாதனத்தின் தடிமன், அதோடு மெத்தைத் தடிமனைப் போல மூன்று மடங்கு, அதோடு இரண்டு பக்கத் தையலுக்கு ஒவ்வொரு செ.மீ. உதாரணமாக 17.5 செ.மீ. அகலம், 0.8 செ.மீ. தடிமன் உள்ள டேப்லெட்டுக்கு அரை செ.மீ. மெத்தை என்றால் 17.5 + 0.8 + 1.5 + 2, ஆக 21.8, 22 என்று வைத்துக்கொள்ளலாம். நீளத்துக்கும் இதே வழிதான், மேல் வாய்க்கு ஒன்றரை செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

குறுக்குத் தையல் போடுவதாக இருந்தால், துணியையும் பஞ்சையும் எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. பெரிதாக வெட்டி, தையல் எல்லாம் போட்டு முடித்த பிறகு சரியான அளவுக்கு வெட்டுங்கள். குறுக்குத் தையல் துணியை உள்ளிழுத்துவிடும். முன்பே அளவாக வெட்டியவர்களின் உறைக்குள் சாதனம் போகாது.

தைக்கும் முறை இரண்டு. வெளிப்பை ஒன்று, லைனிங் பை ஒன்று எனத் தனித்தனியாகத் தைத்து, வாயில் இணைத்து, லைனிங்கின் அடியில் விட்ட இடைவெளி வழியாகத் திருப்புவது ஒன்று. தையல் ஓரம் எதுவும் கண்ணில் படாது, சுத்தமாக இருக்கும். ஆனால் ஈ.வி.ஏ. மாதிரி விறைப்பான பொருளை அந்தச் சின்ன ஓட்டை வழியாகத் திருப்புவது போராட்டம், அதனால் ஓட்டையைக் கை நுழையும் அளவுக்கு விடுங்கள். லைனிங் உள்ளே சுருங்கி நிற்காமல் இருக்க, வாயருகே வெளிப்பையின் அளவிலேயே தொடங்கி, கீழே வரவர 3, 4 மி.மீ. உள்ளே தள்ளித் தைக்க வேண்டும்.

இன்னொன்று, வெளித்துணி, மெத்தை, உள்துணி மூன்றையும் ஒன்றாக வைத்துக் குறுக்குத் தையல் போட்டு, மடித்து, பக்கங்களைச் சேர்த்து, ஓரத்தில் கிராஸ் பீஸ் பைப்பிங் (சாய்வாக வெட்டிய துணிப் பட்டையால் ஓரத்தை மூடித் தைப்பது) கொடுப்பது. ஓரம் வெளியே தெரியும், ஆனால் திருப்பும் தொல்லை கிடையாது, மெத்தை ஓரம் வரை முழுதாக நிற்கும். மூலை பற்றி மேலே சொன்னதை யோசித்தால், லேப்டாப்புக்கு இந்த இரண்டாவது முறைதான் பொருந்துகிறது.

மிஷினில் 16ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல், தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. சின்னத் தையல் தடித்த அடுக்குகளுக்கு ஒத்துவராது. மிஷின் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பின் தையல் போட்டால் கைத்தையலே தாங்கும், நேரம்தான் ஆகும். எப்படித் தைத்தாலும், முதலில் பெரிய ஓட்டுத் தையல் போட்டு, சாதனத்தை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, பிறகு இறுதித் தையல் போடுங்கள். விட்டால் தானாகச் சரிந்து உள்ளே போகக் கூடாது, இலேசாகத் தள்ளினால் போக வேண்டும். பஞ்சு நாளடைவில் கொஞ்சம் அமுங்கும் என்பதால் தொடக்கத்தில் சற்று இறுக்கமாக இருப்பதே நல்லது.

எதற்கு எது?

இ-ரீடருக்கு: ஒற்றைப் பருத்திப் பஞ்சு, திரைப் பக்கம் மட்டும் விறைப்பான பிளாஸ்டிக் ஃபைலின் அட்டையை அளவாக வெட்டிச் செருகும் பாக்கெட், எலாஸ்டிக் பட்டன். அட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், இல்லாவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். காகித அட்டை நனைந்தால் தொய்ந்துவிடும், அதனால் பிளாஸ்டிக்தான்.

டேப்லெட்டுக்கு: இரண்டு அடுக்குப் பருத்திப் பஞ்சு, மடித்த அடி, மூடியில்லாத உறை. தனியாகக் கையில் தூக்கிப் போகும் டேப்லெட் என்றால் வெல்க்ரோ மூடி சேர்த்துக்கொள்ளலாம். பேனா வைக்க வெளியே ஒரு குழாய்ப் பாக்கெட் வைப்பது நல்லது, உள்ளே வைத்தால் அதுவே திரையை அழுத்தும்.

லேப்டாப்புக்கு: ஈ.வி.ஏ.வும் பருத்திப் பஞ்சும், மடித்த அடி, மூலைத் துண்டுகள், பைப்பிங் ஓரம், மேல் வாயில் மட்டும் பட்டை வைத்த நைலான் ஜிப். எந்நேரமும் முதுகுப்பையின் மெத்தை அறைக்குள் போகிற லேப்டாப் என்றால் இவ்வளவும் தேவையில்லை, ஃபெல்ட் உறையே போதும்.

சுழலும் தட்டு உள்ள வெளிவட்டுக்கு மிருதுவான மெத்தை நிறைய வேண்டும்; சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்கு உள்ளே அசையும் பாகம் இல்லாததால் கீறல் படாத ஒரு துணிப்பை போதும்.

பவர் பேங்குக்கும் உறை தைக்கலாம். ஆனால் மெத்தை வெப்பத்தையும் அடைத்துவைக்கும். பவர் பேங்க் ஆகட்டும், லேப்டாப் ஆகட்டும், உறைக்குள் வைத்தபடி சார்ஜ் போட வேண்டாம். லேப்டாப்பை உறைக்குள் விடுவதற்கு முன் அது உண்மையிலேயே தூங்கிவிட்டதா என்று ஒரு நொடி விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள்.

ஈ.வி.ஏ.வையும் பிளாஸ்டிக் அட்டையையும் செருகும் பாக்கெட்டாக விட்டவர்கள், துவைப்பதற்கு முன் அவற்றை உருவி எடுத்துவிடுங்கள். மற்றபடி குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் டவலில் சுற்றி அழுத்தி, உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயவைத்தால் போதும். அப்படித் திருப்பும்போதே அடி மூலைகளில் சேர்ந்திருக்கும் மணலையும் உதறிவிடலாம். மெத்தையின் நடுப்பகுதி காயக் கூடுதலாக ஒரு நாள் எடுக்கும். மூலையைக் கிள்ளிப் பார்த்து, விரலில் குளிர்ச்சி தட்டினால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.